டாக்டரின் கணினி சொல்லும் சதவீதத்துக்கு என்ன அர்த்தம்?

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பினாங்கில் முழு உடல் பரிசோதனைக்குப் போனால் பெரும்பாலும் இந்தக் கட்டம் வரும். இரத்தப் பரிசோதனை முடிவுகள் கையில் இருக்கின்றன. வயது, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், இனிப்புநீர் (நீரிழிவு) உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாக டாக்டர் கணினியில் தட்டுகிறார். பிறகு, "அடுத்த பத்து வருஷத்துல உங்களுக்கு இதய நோய் வர்ற வாய்ப்பு 21 சதவீதம்" என்கிறார்.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கு ஒரு விளக்கம். "இருபத்தொன்றுதானே, பாஸ் மார்க்கூட இல்லை, பயப்படாதீர்கள்" என்பார் ஒருவர். இதயக் குழாயில் 21 சதவீதம் அடைப்பு என்று புரிந்துகொண்டு தூக்கத்தைத் தொலைப்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. மருத்துவத்தில் கணினி போடும் கணக்குகள் இப்போது நம் எல்லோர் வாழ்க்கைக்குள்ளும் வந்துவிட்டன. அவற்றைப் படிக்கத் தெரிந்துகொள்வது, மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிவது போலவே அவசியம் என்று நினைக்கிறேன். அதற்குப் பெரிய கணக்கு அறிவு வேண்டியதில்லை. நான்காம் வகுப்புப் பெருக்கல் போதும்.

அந்த 21 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். 1948-இல் அங்கே ஓர் ஆய்வு தொடங்கியது. 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பரிசோதித்து, யாருக்கு மாரடைப்பு வந்தது, யாருக்குப் பக்கவாதம் வந்தது, யார் நலமாக இருந்தார்கள் என்று பல பத்தாண்டுகள் குறித்துக்கொண்டே வந்தார்கள். பிறகு அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். உயர் இரத்த அழுத்தமும் புகையும் கொழுப்பும் இதயத்தைக் கெடுக்கும் என்று இன்று சாதாரணமாகப் பேசுகிறோமே, அந்த அறிவில் பெரும்பங்கு அந்த ஊர் மக்கள் பொறுமையாகக் கையை நீட்டி இரத்தம் கொடுத்ததால் கிடைத்தது. அந்தக் குறிப்புகளிலிருந்து 2008-இல் வெளியான ஒரு சூத்திரத்தை மலேசியாவின் மருத்துவ வழிகாட்டிகளும் பயன்படுத்தச் சொல்கின்றன. 20 சதவீதத்தைத் தாண்டினால் அதிக அபாயம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

ஆக, 21 சதவீதம் என்றால் இதுதான்: உங்கள் வயது, உங்கள் அழுத்தம், உங்கள் கொழுப்பு அளவு உள்ள 100 பேரை எடுத்துக்கொண்டால், பத்தாண்டுக்குள் ஏறக்குறைய 21 பேருக்கு இதய நோயோ பக்கவாதமோ வந்திருக்கும். 79 பேருக்கு வந்திருக்காது. அந்த நூறு பேரில் நீங்கள் எந்தப் பக்கம் என்று சூத்திரத்துக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எண் பேசுவது உங்களைப் போன்ற ஒரு கூட்டத்தைப் பற்றி. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. அடுத்த கேள்வி தானாகவே வரும்: "என்னைப் போன்ற" என்று சொல்கிறீர்களே, அந்தக் கூட்டத்தில் என்னைப் போன்றவர்கள் உண்மையிலேயே இருந்தார்களா? ஃபிரேமிங்ஹாமில் முதலில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். பட்டர்வொர்த்திலும் பிறையிலும் வாழும் தமிழருக்கு அந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பது நியாயமான கேள்வி. கட்டுரை முழுக்க அந்தக் கேள்வி கூடவே வரும்.

இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். இப்போது உடம்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது நோயறிதல். இனி என்ன நடக்கக்கூடும் என்று சொல்வது முன்கணிப்பு. "இது குடல்வால் அழற்சியா?" என்பது முதல் வகை. "இந்தச் சிறுநீரகம் ஐந்து வருஷம் தாங்குமா?" என்பது இரண்டாவது வகை. கணினி இரண்டுக்கும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. முன்பு வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற பதிவை வைத்து, புதிதாக வந்தவரை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

இதைக் கையால் செய்து பார்க்க ஒரு நல்ல உதாரணம் சென்னையில் இருக்கிறது. நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வின் தரவுகளை வைத்து, டாக்டர் வி. மோகனும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்தவர்களும் 2005-இல் இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று ஒன்றை வெளியிட்டார்கள். ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம். தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று இருந்தால் போதும். நான்கே கேள்விகள், மொத்தம் 100 மதிப்பெண்.

கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் இலவசப் பரிசோதனை முகாம் என்று வைத்துக்கொள்வோம். தன்னார்வலராக வந்திருக்கும் கல்லூரி மாணவர் எதிரில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அக்கா உட்கார்ந்திருக்கிறார்.

"வயசு எத்தனைக்கா?"

"அம்பத்திரண்டு, தம்பி."

50-உம் அதற்கு மேலும் என்றால் 30 மதிப்பெண். (35 முதல் 49 வரை 20. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.)

இடுப்புச் சுற்றளவு 86 சென்டிமீட்டர். பெண்களுக்கு 80-க்குக் கீழே இருந்தால் பூஜ்யம், 80 முதல் 89 வரை 10, 90-உம் அதற்கு மேலும் 20. ஆண்களுக்கு ஒவ்வொரு கோடும் 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அக்காவுக்கு 10.

"வேலை எப்படிக்கா, நின்னுக்கிட்டா, உட்கார்ந்தா?"

"உட்கார்ந்தேதான். ஓவர்டைம் முடிஞ்சு வீட்டுக்குப் போனா நடக்க எங்கே தெம்பு இருக்கு?"

வேலையும் உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. ஏதாவது ஒன்று இருந்தால் 20. கடின உழைப்பும் இருந்து ஒழுங்கான உடற்பயிற்சியும் இருந்தால் பூஜ்யம்.

"அப்பா அம்மா யாருக்காச்சும் இனிப்புநீர் இருந்துச்சா?"

"அப்பாவுக்கு. அம்மாவுக்கு இல்லை."

ஒருவருக்கு என்றால் 10. இருவருக்கும் என்றால் 20.

கூட்டினால் 80. இந்த முறையில் 60-ஐத் தொட்டாலே அதிக அபாயம். அக்காவை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இந்த 80-இல் வயதும் அப்பாவும் சேர்ந்து 40. அதை யாராலும் மாற்ற முடியாது. இடுப்பும் அசைவும் சேர்ந்து இன்னொரு 40. அதில் கொஞ்சம் குறைக்க வழி உண்டு. ஒரு நல்ல மதிப்பெண் முறை எந்தப் பக்கம் கைவைக்கலாம் என்பதையும் கூடவே காட்டும். இந்த எளிமைக்காகவே எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு.

சரி, 80 வந்துவிட்டது, அக்காவுக்கு இனிப்புநீர் உறுதியா? இல்லை. இங்கேதான் நான்காம் வகுப்புப் பெருக்கல் தேவைப்படுகிறது. 60 என்ற கோட்டை வைத்தால், நோய் உள்ளவர்களில் 72.5 சதவீதத்தினரை இந்த முறை பிடிக்கிறது, நோய் இல்லாதவர்களில் 60.1 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று அதை உருவாக்கியவர்களே சொன்னார்கள். இதை ஆயிரம் பேர் வரும் ஒரு முகாமில் ஓட்டிப் பார்ப்போம். அவர்களில் 100 பேருக்குத் தெரியாமலேயே இனிப்புநீர் இருக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

அந்த 100 பேரில் 72 பேர் 60-ஐத் தாண்டுவார்கள். 28 பேர் தப்பிவிடுவார்கள். நோயில்லாத 900 பேரில் 541 பேருக்குக் குறைந்த மதிப்பெண் வரும், ஆனால் 359 பேர் தேவையில்லாமல் 60-ஐத் தாண்டுவார்கள். ஆக, "அதிக அபாயம்" என்ற சீட்டோடு வெளியே வருபவர்கள் 431 பேர். அதில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 72. ஏறக்குறைய ஆறில் ஒருவர். சீட்டு வாங்காத 569 பேரில் 28 பேருக்கு நோய் இருக்கிறது, அதாவது இருபதில் ஒருவர்.

முகாமுக்குள் நுழையும்போது எல்லோருக்கும் பத்தில் ஒன்று. நான்கு கேள்விக்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கு ஆறில் ஒன்று, இன்னொரு கூட்டத்துக்கு இருபதில் ஒன்று. மதிப்பெண் செய்தது இவ்வளவுதான். ஆனால் இது சின்ன விஷயமில்லை. இரத்தப் பரிசோதனைக்கு 431 பேரை மட்டும் அனுப்பினால் போதும், ஆயிரம் பேரையும் குத்த வேண்டாம். அதே சமயம், குறைந்த மதிப்பெண் வாங்கிய அந்த 28 பேர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவதும் இதே கணக்கின் பகுதி. குறைந்த மதிப்பெண்ணை நோயில்லைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இதே கருவியை நோய் மிகக் குறைவாக உள்ள ஒரு கூட்டத்தில் பயன்படுத்தினால்? ஆயிரத்தில் 10 பேருக்குத்தான் நோய், கருவியின் திறமை அதேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகப் பிடிபடுவது 7 பேர், வீணாகப் பயப்படுவது 395 பேர். கருவி மாறவில்லை, கூட்டம் மாறியது, சீட்டின் பொருளே மாறிவிட்டது. இந்த உண்மையைக் கணக்காக எழுதிவைத்தவர் தாமஸ் பெய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவர் இறந்த பிறகு 1763-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு என்று விளம்பரம் செய்யும் எந்தக் கருவியும் அந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. "எங்கள் கருவி 90 சதவீதம் துல்லியமானது" என்று யாராவது சொன்னால், எந்தக் கூட்டத்தில் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மருத்துவரின் சிந்தனையை இப்படிக் கணக்காக்கலாம் என்று 1959-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ராபர்ட் லெட்லியும் லீ லஸ்டெட்டும் எழுதினார்கள். அதை உண்மையான வார்டில் செய்து காட்டியது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில். டி டோம்பல் என்ற அறுவை மருத்துவரின் குழு, கடுமையான வயிற்று வலியோடு வந்த 304 நோயாளிகளின் விவரங்களைக் கணினிக்குக் கொடுத்தது. வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, வாந்தி உண்டா, அழுத்தினால் வலிக்கிறதா என்ற விவரங்கள்தான். 1972-இல் வெளியான முடிவு: கணினி 91.8 சதவீதம் சரி, அங்கிருந்த மிக மூத்த மருத்துவர் 79.6 சதவீதம் சரி. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது பின்னால் வந்த தகவல். சோதனை நடந்த காலத்தில் மருத்துவர்களின் சொந்தத் தீர்ப்பும் நன்றாக முன்னேறியிருந்தது, கணினியை எடுத்ததும் பழைய நிலைக்கு இறங்கியது. ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரே கேள்விகளை விடாமல் கேட்டுப் படிவத்தில் குறிக்கும் ஒழுங்குக்கும் அதில் பங்கு இருந்திருக்க வேண்டும்.

வயிற்று வலியிலேயே இன்னொரு கதை, இது நம் பக்கத்து வீட்டில் நடந்தது. குடல்வால் அழற்சிக்கு ஆல்வராடோ மதிப்பெண் என்று 1986-இலிருந்து ஒன்று உண்டு. எட்டு அடையாளங்கள், பத்து மதிப்பெண், உலகம் முழுக்கப் பழக்கம். ஆனால் ஆசிய மக்களிடம் அது அவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை. புருணையின் ராஜா இஸ்தெரி பெங்கிரான் அனாக் சாலேஹா மருத்துவமனையில் தங்கள் நோயாளிகளின் பதிவுகளையே வைத்து வேறொரு மதிப்பெண்ணை உருவாக்கி, மருத்துவமனைப் பெயரின் முதலெழுத்துகளோடு குடல்வால் அழற்சிக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தையும் சேர்த்து ரிபாசா என்று பெயர் வைத்தார்கள். 2010-இல் வெளியானது. அதில் வயது, வலி, காய்ச்சல், வெள்ளணுக்கள் எல்லாம் உண்டு. கூடவே, நோயாளி வெளிநாட்டு அடையாள அட்டை வைத்திருக்கிறாரா என்று ஒரு வரியும் உண்டு. ஒரு மருத்துவமனை தன் வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்துச் செய்த கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ஒரு வரி போதும். சின்ன நாடு, சின்ன ஊர் என்று பார்க்காமல் தங்கள் மக்களுக்குத் தாங்களே அளவுகோல் செய்த அந்த மருத்துவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதுவரை பார்த்தவை எல்லாம் மனிதர் தேர்ந்தெடுத்த கேள்விகள். மருத்துவ நிபுணர்களின் விதிகளை நூற்றுக்கணக்கில் எழுதிக் கணினிக்குள் வைத்த முயற்சியும் நடந்தது. 1970-களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் அதில் புகழ் பெற்றது. கிருமித் தொற்றுக்கு மருந்து பரிந்துரைப்பதில் நிபுணர்களுக்கு இணையாக இருந்தும், அது வார்டுகளில் வழக்கமான பயன்பாட்டுக்கு வரவேயில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு என்று பேசப்படுவது வேறு வழி. கேள்விகளையும் விதிகளையும் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. படங்களையும் விடைகளையும் கொடுத்துவிட்டு, தொடர்பைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கணினியிடமே விடுகிறார்கள்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்குச் செய்யும் கண் பரிசோதனை இதற்குச் சிறந்த உதாரணம். சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலவீனமாகும். முதலில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள், பிறகு இரத்தக் கசிவு, மஞ்சள் படிவுகள். அந்தக் கட்டத்தில் பார்வை நன்றாகவே இருக்கலாம். பார்வை மங்கும்போது சேதம் முற்றியிருக்கும். அதனால் கண் நன்றாகத் தெரியும்போதே விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். படமெடுக்கக் கேமரா இருக்கிறது. எடுத்த படங்களை எல்லாம் உட்கார்ந்து பார்க்கக் கண் மருத்துவர்கள் போதவில்லை.

2016-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 128,175 விழித்திரைப் படங்களை வைத்து ஒரு கணினி அமைப்பைப் பழக்கினார்கள். அந்தப் படங்களில் ஒரு பகுதி அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்தும் போனவை. 54 மருத்துவர்கள் அவற்றைப் பார்த்து, இது எந்தக் கட்டம் என்று குறித்தார்கள். பழக்குவது இப்படி: கணினி ஒரு படத்தைப் பார்த்து ஒரு விடை சொல்லும். தொடக்கத்தில் அது வெறும் குருட்டு ஊகம். மருத்துவர் குறித்த விடையோடு ஒப்பிட்டு, எவ்வளவு தவறு என்று கணக்கிட்டு, உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான எண்களை அந்தத் தவறு குறையும் திசையில் துளித்துளியாகத் திருத்தும். அடுத்த படம். மறுபடி திருத்தம். இப்படியே பல லட்சம் முறை. கடைசியில் மிஞ்சுவது ஒரு பெரிய எண் கூட்டம். புள்ளி என்றால் என்ன, கசிவு என்றால் என்ன என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. இருந்தும் சோதனையில் கண் மருத்துவர்களுக்கு இணையாக விடை சொன்னது. 2017-இல் சிங்கப்பூர்க் குழு ஒன்று ஏறக்குறைய ஐந்து லட்சம் படங்களைக் கொண்டு, சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரிடமும் சோதித்து முடிவு வெளியிட்டது. 2018-இல் அமெரிக்க அரசு, மருத்துவர் பார்க்காமலேயே முடிவு சொல்லும் ஒரு விழித்திரைக் கருவிக்கு முதன்முதலாக அனுமதி தந்தது.

ஆய்வகத்தில் நன்றாகத் தேறியது கிளினிக்கில் எப்படி இருந்தது? அதையும் பக்கத்து நாடு ஒன்று பார்த்துச் சொல்லிவிட்டது. தாய்லாந்தின் 11 கிளினிக்குகளில் கூகுளின் கருவியை வைத்து, தாதிகள் பயன்படுத்துவதைக் கூடவே இருந்து கவனித்து 2020-இல் எழுதினார்கள். முதல் சில மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைக் கருவி ஏற்கவே இல்லை, தெளிவு போதாது என்று திருப்பிவிட்டது. சில கிளினிக்குகளில் படமெடுக்கத் தனி இருட்டறை கிடையாது. வெளிச்சத்தில் கண்மணி போதிய அளவு விரியாது, படம் மங்கும். சில இடங்களில் இணையம் மெதுவாக இருந்து வரிசை நீண்டது. படம் ஏற்கப்படாதவர்கள் வேறொரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தூரத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றாயிற்று. பார்த்தவுடனே இந்தக் கண்ணில் ஒன்றுமில்லை என்று அனுபவத்தில் தெரிந்த தாதிகளுக்கு அது பெரிய சங்கடம். கணினி முறை என்றால் திரையில் ஓடும் நிரல் மட்டும் என்று நினைக்கிறோம். அறையின் திரைச்சீலை, இணைய வேகம், நோயாளியின் ஒரு நாள் சம்பளம் எல்லாமே அந்த முறைக்குள் அடக்கம்.

தானாகக் கற்றுக்கொள்ளும் கணினி தவறானதையும் தானாகக் கற்றுக்கொள்ளும். 1990-களில் அமெரிக்காவில், நிமோனியா நோயாளிகளில் யார் இறக்கும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்று முன்கணிக்க ஒரு முயற்சி நடந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நிமோனியா வந்தால் அபாயம் குறைவு என்று ஒரு விதியைக் கணினி கண்டுபிடித்தது. எந்த மருத்துவரும் பதறிப்போவார். ஆனால் பதிவில் அப்படித்தான் இருந்தது. ஏன் தெரியுமா? ஆஸ்துமாக்காரர் நிமோனியாவோடு வந்தால் மருத்துவமனை அவரை நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிடும். அந்தக் கவனிப்பால்தான் அவர்கள் பிழைத்தார்கள். கணினிக்குத் தெரிந்தது முடிவு மட்டும், கவனிப்பு தெரியாது. அதை நம்பி ஆஸ்துமாக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த விதி வெளிப்படையாகக் கண்ணில் பட்டது நல்ல காலம். எண் கூட்டமாக மட்டும் இருக்கும் அமைப்புகளில் இப்படி ஒரு விதி ஒளிந்திருந்தால் யாருக்கும் தெரியாது என்று பயந்து, அவற்றைப் பயன்படுத்தாமல் விட்டார்கள். 2018-இல் வந்த இன்னொரு ஆய்வில், மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியா தேடிய கணினி, படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையும் கண்டுபிடித்துவிட முடிந்தது. நோய் அதிகம் உள்ள மருத்துவமனையின் படம் என்றால் அதுவே பாதி விடை. வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் திறமை குறைந்தது.

சரி, நம் கேள்விக்கு வருவோம். அந்தக் கூட்டத்தில் நாம் இருக்கிறோமா?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் 6.7 சதவீதம். 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்புநீர் இருந்தது, அதில் இந்தியரிடம் விகிதம் எல்லோரையும்விட அதிகம். எண்ணிக்கையில் குறைவு, நோயில் அதிகம். இப்போது ஒரு கற்பனைக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களிடம் 95 சதவீதம் சரி, இந்தியரிடம் 50 சதவீதம்தான் சரி, அதாவது காசு சுண்டுவதற்குச் சமம். நாட்டு மக்கள் எல்லோரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் என்ன வரும்? 92 சதவீதம். பார்க்க அருமையான மதிப்பெண். கொள்முதல் கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடலாம். நமக்கு அது பயனற்றது என்ற செய்தி அந்த 92-க்குள் தடயமில்லாமல் மறைந்துவிடும். எந்தக் கருவியை வாங்கினாலும் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி முடிவு காட்டச் சொல்ல வேண்டும் என்று கேட்பது இதனால்தான். சலுகை கேட்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அது அடிப்படைக் கணக்கு.

இது கற்பனை பயமும் இல்லை. கோவிட் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்ஸிஜன் அளவுக் கருவி, அது கறுப்புத் தோல் உள்ளவர்களிடம் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்காவில் தெரியவந்தது. திரையில் 92-க்கும் 96-க்கும் இடையே நல்ல எண் காட்டியபோது, இரத்தத்தை நேராகச் சோதித்தால் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது கறுப்பினத்தவரில் 11.7 சதவீத முறை, வெள்ளையரில் 3.6 சதவீத முறை. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு மேலே கணக்குப் போடும் எந்த நிரலும் அதே தவறைச் சுமந்துகொண்டுதான் போகும்.

கோட்டை நகர்த்துவதும் நடக்கிறது, நம் நாட்டிலேயே. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் ஏ1சி பரிசோதனையில் உலக அளவில் 6.5-ஐ நோய்க்கோடாக வைக்கிறார்கள். மலேசிய வழிகாட்டி 6.3 என்கிறது. உடல் எடைக் குறியீட்டிலும் ஆசியருக்கு 25-க்குப் பதில் 23-லிருந்தே கவனம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்னது. இணையத்தில் ஏதோ ஒரு நாட்டின் கணிப்பானில் எண்ணைப் போட்டுவிட்டு "நார்மல்" என்று வந்ததும் மகிழ்ந்துபோகிறவர்கள், அது யாருக்கு வரைந்த கோடு என்று பார்க்க வேண்டும். உரையாடல் செயலிகளிடம் அறிக்கையைக் கொடுத்து விளக்கம் கேட்பதும் இப்போது பெருகிவிட்டது. சொற்களுக்குப் பொருள் கேட்க அவை உதவும். ஆனால் சென்னை மதிப்பெண்ணுக்கு 72.5 என்று ஒரு பிடிக்கும் திறன் சோதித்துச் சொன்னார்களே, அப்படி உங்களைப் போன்றவர்களிடம் சோதித்த எண் எதுவும் அந்தப் பதிலோடு வருவதில்லை.

முன்கணிப்பில் கடைசியாக ஒன்று. நம் குடும்பங்களில் டயாலிசிஸ் என்ற சொல் கேட்காத வீடு குறைவு. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களுக்கு அதற்கு முக்கியக் காரணம் இனிப்புநீர்தான். சிறுநீரகம் எப்போது கைவிடும் என்று சொல்ல 2011-இல் கனடாவில் ஒரு சூத்திரம் உருவானது. வயது, பாலினம், சிறுநீரகம் வடிகட்டும் வேகம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு என்று நான்கே விவரங்களைக் கொண்டு, அடுத்த இரண்டு ஆண்டிலும் ஐந்து ஆண்டிலும் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பைச் சொல்கிறது. பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏழு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் சோதித்தார்கள். யாருக்கு அபாயம் அதிகம், யாருக்குக் குறைவு என்று வரிசைப்படுத்துவதில் எல்லா இடத்திலும் நன்றாகத் தேறியது. ஆனால் வட அமெரிக்காவுக்கு வெளியே அபாயத்தைக் கூட்டிச் சொன்னதால், ஒரு திருத்தத்தைச் சேர்த்தார்கள். வரிசை சரியாக இருப்பது ஒரு திறமை, 20 சதவீதம் என்று சொன்னால் நூற்றில் இருபது பேருக்கே நடப்பது இன்னொரு திறமை. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

இந்த எண்ணைத் தலையெழுத்தாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படி எடுக்கக் கூடாது என்று மன்றாடிக் கேட்கிறேன். ஐந்து ஆண்டில் 30 சதவீதம் என்றால், இன்றைய அழுத்தம், இன்றைய சர்க்கரை, இன்றைய மருந்து இதே போக்கில் போனவர்களுக்கு நடந்தது அது. அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்து, ஆல்புமின் குறைந்தால் அடுத்த முறை கணக்குப் போடும்போது வேறு எண் வரும். டாக்டருக்கும் அந்த எண் பயன்படும்: யாரைச் சிறுநீரக நிபுணரிடம் இப்போதே அனுப்புவது, யாரை ஆறு மாதம் கழித்து வரச் சொல்வது என்று பிரிக்கலாம்.

ஆனால் நான்கு விவரத்தில் ஒன்று இல்லையென்றால் சூத்திரம் ஓடாது. வயதும் பாலினமும் அடையாள அட்டையிலேயே இருக்கின்றன, வடிகட்டும் வேகம் இரத்தப் பரிசோதனையில் வந்துவிடும். சிறுநீர் ஆல்புமினைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். பாட்டிலை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போகச் சங்கடப்பட்டு, "அடுத்த தடவை பார்க்கலாம் மிஸி" என்று நழுவி வந்துவிடுகிறார்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உங்கள் கிளினிக் அட்டையில் கடைசியாக அது எந்தத் தேதியில் நடந்தது என்று பாருங்கள். தேதியே இல்லையென்றால் அடுத்த சந்திப்பில் தாதியிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள்.